ஆய்வுப் பதவியும் விண்ணப்பமும்: விஞ்ஞான, பொறியியற் கலாநிதிப் பட்ட ஆய்வின் ஊதிய உறவுகள் குறித்து

விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் கலாநிதிப் பட்ட ஆய்வு மேற்கொள்ள விரும்பும் எமது பட்டதாரிகள் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதும் விண்ணப்பக் கடிதங்களை, மொழி திருத்தும் பொருட்டுச் சில ஆண்டுகளாக நாம் படித்து வருகிறோம். இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட எம்மிடம் இக்கடிதங்கள் வந்து சேர்வதற்குக் காரணம் எளியது. ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைப் பிழையறத் திருத்தித் தரக்கூடியவர் எவரேனும் கலைப்பீடத்தில் இருப்பர் என்ற நம்பிக்கையே அது. மொழிப் பிழைகள் அதிகம் இருக்கவில்லை. ஆயின் கடிதங்கள் யாவும் ஒரே வார்ப்பில் அமைந்திருந்தன. பேராசிரியரின் புகழைக் கூறித் தொடங்கி, தமது குடும்பத்தின் ஏழ்மையையும் சிறுவயது முதற்கொண்டு விஞ்ஞானத்தின்பாற் கொண்ட தீராத காதலையும் எடுத்துரைத்து, ஒரு வாய்ப்பளித்தால் இரவுபகலாக உழைக்கச் சித்தமாயிருப்பதாக அவை முடிந்தன. ஓர் எழுத்து வடிவம் இவ்வாறு திரும்பத் திரும்பத் தோன்றுமாயின் அதனைத் தனிமனிதரின் எழுத்துத்திறன் பற்றிய பிரச்சினையாகக் கொள்ளலாகாது. அவ்வடிவத்தைத் தோற்றுவித்த சமூக உறவு யாது எனத் தேடவேண்டும் என்பது எமது துறையின் பாலபாடம்.

அவ்வாறு தேடுமிடத்து நாம் வந்தடைவது கச்சேரி வாசலை. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அரசாங்க அதிபருக்கு எழுதப்பட்ட மனுவின் நடையும் ஒழுங்குமே இக்கடிதங்களில் எஞ்சி நிற்கின்றன. மனு என்பது கொடுப்பவனிடம் கேட்பவன் எழுதுவது. கேட்பவனிடம் விற்பதற்கு எதுவும் இல்லை. இரக்கத்தை எழுப்புவதொன்றே அவனாற் செய்யக்கூடியது. புலமைப்பரிசில் என்ற சொல்லே இம்மனப்பாங்கை ஊட்டுகிறது. பரிசில் பெறப் புலவர் புரவலனை நாடிச் சென்ற மரபு எமக்குப் பரிச்சயமானதாகையால், இச்சொல் வேறு நாடுகளிற் காட்டிலும் எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது எனலாம்.

ஆயின் கடிதம் சென்றடையும் இடத்தில் இருப்பவர் புரவலர் அல்லர். அவர் ஒரு வேலைகொள்வோர். இன்றைய விஞ்ஞான, பொறியியற் துறைகளில் நிதியுடன் கூடிய கலாநிதி ஆய்விடம் என்பது, பெரும்பாலான வேளைகளில், குறிப்பிட்டதொரு வேலையைக் குறிப்பிட்ட காலத்துள் செய்து முடிப்பதற்கு உழைப்பை விலைக்கு வாங்கும் ஏற்பாடாகும். பட்டம் அதனோடு இணைந்து வருவது. இதனை விளங்கிக்கொள்ளாமல் எழுதப்படும் விண்ணப்பம், எத்துணை உருக்கமாக அமைந்தாலும், கேட்கப்படாத கேள்விக்கு விடையளிப்பதாகவே முடியும்.

இந்நிலை எக்காலத்தும் இருந்ததன்று. கார்ல் மார்க்ஸ் பேர்லினிற் கற்றவர். 1841இல் தமது ஆய்வேட்டை யெனாப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணத்துடன் அனுப்பி, அங்கு நேரிற் செல்லாமலே கலாநிதியானார். டெமோகிரிட்டஸ், எபிகூரஸ் ஆகியோரின் இயற்கைத் தத்துவங்களை ஒப்பிட அவருக்கு வேண்டியிருந்தவை நூல்களும் குறிப்பேடுகளும் மட்டுமே. அவை அவர் கைவசம் இருந்தன. ஆய்வாளனும் அவனது ஆய்வுச் சாதனங்களும் பிரிக்கப்படாத நிலை அது. ஆயினும் அதற்கு முன்பே, 1824 முதல் கீசன் நகரில் யுஸ்டுஸ் லீபிக் இரசாயன ஆய்வுகூடமொன்றை அமைத்து, மாணவரை வரிசையாக மேசைகளில் நிறுத்தி, ஒரு பிரச்சினையின் பல கூறுகளை அவர்களிடையே பகிர்ந்தளிக்கும் முறையைத் தொடக்கி வைத்திருந்தார். உலைகளும் தராசுகளும் மாணவருடையவை அல்ல. அமெரிக்காவில் 1861இல் யேல் பல்கலைக்கழகம் முதன்முதலாகக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. 1876இல் தொடங்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆய்வு மாணவருக்குப் பணம் கொடுத்து அழைக்கும் வழக்கத்தை நிறுவன ரீதியாக நிலைநாட்டியது.

1917இல் மியூனிக் நகரில் மாணவர் முன் உரையாற்றிய மக்ஸ் வெபர் இம்மாற்றத்தைத் தெளிவாகவே கண்டார். பெரிய இயற்கை விஞ்ஞான நிறுவனங்கள் அரச முதலாளித்துவத் தொழில் முயற்சிகளாகிவிட்டன என்றும், அங்கு பணிபுரியும் உதவியாளன் உற்பத்திச் சாதனங்களினின்றும் பிரிக்கப்பட்டவனாகையால், ஆலைத் தொழிலாளி முகாமையில் தங்கியிருப்பதுபோல் நிறுவனத் தலைவரில் தங்கியிருக்கிறான் என்றும் அவர் விளக்கினார். மார்க்சியரல்லாத ஒருவர் மார்க்சின் கருத்தாக்கத்தை ஆய்வுகூடத்தினுள் எடுத்துச் சென்ற இந்த இடம், எமது விண்ணப்பதாரர் எவரும் படிக்காத, ஆனால் முதலிற் படிக்கவேண்டிய இடமாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின் இவ்வுறவு இன்னுமொரு படி மாறியது. 1945இல் வனீவர் புஷ் அமெரிக்க அரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கையும் 1950இல் நிறுவப்பட்ட தேசிய விஞ்ஞான மன்றமும், அரச நிதி பல்கலைக்கழக ஆய்வுக்குப் பெருமளவிற் பாய வழிசெய்தன. நிதி செயற்றிட்டங்களாக வகுக்கப்பட்டது. பேராசிரியர் ஒரு முன்மொழிவை எழுதி, இன்ன ஆண்டில் இன்னது செய்யப்படும் என உறுதிகூறிப் பணம் பெறுகிறார். அவ்வுறுதியை நிறைவேற்றக் கைகள் வேண்டும். ஆய்வு மாணவர் அக்கைகளாகின்றார். விளம்பரத்தை மாணவர் காணும் வேளையில் ஆய்வின் பொருள், முறை, முடிவுத் திகதி யாவும் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் சென்று ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தபோது, சங்கச் செய்யுளையும் பண்டைத் தமிழர் நாடகத்தையும் தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டு சென்றனர். அவர்கள் நாடிச் சென்றது ஓர் ஆசிரியரை. எமது தலைமுறை கலாநிதி ஆய்வு பற்றிக் கொண்டுள்ள படிமம் அங்கிருந்து வந்தது. பொறியியல் மாணவருக்கு அப்படிமத்தையே நாம் கையளிப்பது அவர்களைத் தவறாக வழிநடத்துவதாகும். அவர்கள் நாடவேண்டியது ஒரு செயற்றிட்டத்தை.

இவ்வுறவு நாட்டுக்கு நாடு வெவ்வேறு சட்ட வடிவம் பெறுகிறது. ஜேர்மனியில் ஆய்வு மாணவருட் பலர் மாநில அரசு ஊழியர் சம்பளத் திட்டத்தின் 13ஆம் தரத்தில் ஊழியராகவே நியமிக்கப்படுகின்றனர். ஆயின் அச்சம்பளத்தின் ஐம்பது, அறுபத்தைந்து அல்லது எழுபத்தைந்து வீதமே பல துறைகளில் வழங்கப்படும்; கைத்தொழில் நிறுவனங்களோடு போட்டியிட வேண்டியிருக்கும் பொறியியற் துறைகளில் முழுச் சம்பளம் கிடைப்பது வழக்கம். விளம்பரத்தில் ஓர் ஓரமாகக் காணப்படும் இவ்வீதம் நேரத்தைக் குறிக்கிறதேயன்றி எதிர்பார்க்கப்படும் உழைப்பைக் குறிப்பதன்று. பாதிச் சம்பளத்துக்கு முழுநாள் ஆய்வுகூடத்தில் நிற்பதே நடைமுறை. மிகுதிப் பாதி மாணவரின் சொந்த ஆய்வேட்டுக்கானது என விளக்கம் தரப்படும். உபரி உழைப்பு என்ற எண்ணக்கருவைக் கற்பிப்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் எமக்கு இதுவரை கிடைக்கவில்லை. அந்நாட்டில் 2007இல் இயற்றப்பட்ட சட்டமொன்று கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறாண்டு, பின் ஆறாண்டு என ஒப்பந்த நியமனத்துக்கு எல்லை வகுத்தது. 2021இல் அதனை ஏளனமற்ற தொனியில் விளக்க முனைந்த அரச காணொளியின் கற்பனைப் பாத்திரமான ஹன்னாவின் பெயரைத் தமதாக்கி, நானே ஹன்னா என ஆயிரக்கணக்கான ஆய்வாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

சுவீடனிலும் நெதர்லாந்திலும் ஊழியர் என்ற நிலை கூடுதல் உறுதியுடையது. சுவீடனில் ஆய்வுக் காலம் நான்கு ஆண்டு. கற்பித்தல் முதலிய துறைப் பணிகள் இருபது வீதம் வரை சேருமாயின் அது ஐந்தாண்டாக நீளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு வலையமைப்புகள் மூன்றாண்டு ஊழிய ஒப்பந்தம் தருவன. சேரும் நாளுக்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்நாட்டில் வசித்தவரை அவை ஏற்பதில்லை, குடியுரிமை தடையன்று. எமது பட்டதாரிகளுக்கு அனுகூலமான இவ்விதியை அறிந்தவர் எம்மிடையே அரியர். பிரித்தானியாவில் ஆய்வு மாணவர் ஊழியராகக் கருதப்படுவதில்லை. வரியற்ற உதவித்தொகை பெறுவர். அரச ஆய்வு மன்றங்கள் 2025-26 கல்வியாண்டுக்கு நிர்ணயித்த ஆகக் குறைந்த தொகை 20,780 பவுண். பிறநாட்டவருக்கு இந்நிதி 2021இலேயே முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. அதுவும் முப்பது வீதத்துக்கு மேற்படாது என்ற வரம்புடன்.

அமெரிக்காவில் தனிப் பதவிக்கு விண்ணப்பிப்பதிலும் துறைக்கு விண்ணப்பிப்பதே வழக்கம். திசெம்பரை அண்டி விண்ணப்ப முடிவுத் திகதிகள் வரும். நிதி வாய்ப்பை ஏற்பதா மறுப்பதா எனத் தெரிவிக்க ஏப்ரில் 15 வரை பெரும்பாலும் அவகாசம் உண்டு. தேசிய விஞ்ஞான மன்றத்தின் பட்டப்பின் புலமைப்பரிசில் அந்நாட்டுக் குடிகளுக்கும் நிரந்தர வதிவோருக்குமே உரியதாகையால், பிறநாட்டு மாணவர் கற்பித்தல் உதவியாளராகவோ பேராசிரியரின் நிதியில் ஆய்வு உதவியாளராகவோ வாழவேண்டும். மேற்பார்வையாளருடன் முரண்பாடு தோன்றினால் சம்பளமும் பட்டமும் விசாவும் ஒருங்கே ஆட்டங்காணும். இவர்கள் மாணவரா தொழிலாளரா என்ற வினா நெடுங்காலம் வழக்காடப்பட்டு, 2016இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் தொடர்பான தீர்ப்பில் தனியார் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை தொழிலாளரே என முடிவாயிற்று. 2022 நவெம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 48,000 கல்விசார் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். எமது மாணவர் சேரவிருப்பது இவர்களோடுதான்.

இப்போது விளம்பரத்தை ஒரு பனுவலாகப் படித்துப் பார்க்கலாம். நிதி வழங்குவது யார் என்பதை முதலில் நோக்கவேண்டும். கைத்தொழில் நிறுவனமாயின், முடிவுகளை வெளியிடும் உரிமை எவருக்கு என்று நேர்முகத்திலேயே கேட்கவேண்டும். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, பின்னர் நீடிக்கப்படுமா, அன்றாட மேற்பார்வை பேராசிரியருடையதா அன்றி இளைய ஆய்வாளர் ஒருவருடையதா, முன்னைய மாணவர் எத்தனை ஆண்டில் முடித்தனர் என்பனவும் அவ்வாறே. கேட்பது மரியாதைக் குறைவு என்று எமது மாணவர் அஞ்சுகின்றனர். வேலைக்குச் சேர்பவர் வேலை நிலைமைகளை விசாரிப்பதை அங்கு எவரும் குறையாகக் கொள்வதில்லை. சில விளம்பரங்கள் ஏற்கெனவே தெரிவுசெய்யப்பட்ட தமது மாணவர் ஒருவருக்காகச் சம்பிரதாயத்துக்கு வெளியிடப்படுபவை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

விண்ணப்பக் கடிதம் விடையளிக்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவ்வேலை இவரால் முடியுமா? ஆகவே ஏழ்மைக்கும் காதலுக்கும் அங்கு இடமில்லை. இறுதியாண்டு ஆய்வில் எதனை அளந்தீர், எக்கருவியால் அளந்தீர், எது பிழைத்தது, பிழைத்ததை எவ்வாறு கண்டுகொண்டீர் என்பன ஒரு பந்தியில் அடங்குமாயின், அப்பந்தி மற்றெல்லாவற்றிலும் பெறுமதி மிக்கது. நூறு பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பி விடையின்றிச் சோர்ந்தவர்களை நாம் அறிவோம். அவர்களிடம் திறமை இருந்தது. அக்கடிதத்தில் அது இடம்பெறவில்லை.

இங்கு பழி மாணவரை மட்டும் சாராது. விண்ணப்பத்துடன் கோரப்படும் இரகசியச் சான்றுரைகளை எழுதுவோர் நாமே. ஒழுக்கமானவர், பணிவானவர், கடின உழைப்பாளி என நாம் எழுதிக் கையொப்பமிடும் நற்சான்றுப் பத்திரம் எழுதுவினைஞர் நியமனத்துக்காக உருவான வடிவம். பணிவு என்பதைப் படிக்கும் தெரிவுக்குழு சுயமாக இயங்காதவர் என அதனைப் பொருள்கொள்ளக்கூடும். ஆசிரியரே எழுத நேரமின்றி, மாணவரையே எழுதிவரச் சொல்லிக் கையொப்பமிடும் வழக்கமும் உண்டு. இதனை நாமும் ஒருமுறை செய்திருக்கிறோம். அம்மாணவி தம்மைப் பற்றி எழுதி வந்ததிலும் பணிவே முதற்சொல்லாக இருந்தது. அறுபது பேரில் இவர் எத்தனையாமவர், எந்தச் சிக்கலை எவர் உதவியுமின்றித் தீர்த்தார் என்பதை அவரது துறை ஆசிரியரேயன்றி வேறெவரும் எழுதமுடியாது.

இவையெல்லாம் அறிந்திருந்தாலும் விண்ணப்பிப்பதற்குப் பணம் வேண்டும். 2022இன் நெருக்கடியில் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேலாக உயர்ந்தபோது, 200 டொலர் கட்டணமுள்ள ஒரு தகுதிப் பரீட்சையின் விலை சில மாதங்களுள் 40,000 ரூபாவிலிருந்து 72,000 ரூபாவாயிற்று. வெளிநாட்டில் உறவினர் உள்ளவர் சமாளித்தனர். தோட்டப்புறத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர் பின்தங்கினர். கட்டண விலக்கு வேண்டி எழுதினால் பல துறைகள் வழங்குகின்றன என்பதும், 2020இன் பின் பல அமெரிக்கத் துறைகள் அப்பரீட்சையையே கைவிட்டுவிட்டன என்பதும், உறவினர் இல்லாதவருக்கே தெரிந்திருக்க வேண்டிய, ஆனால் அவருக்கே தெரியாத செய்திகள். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் கிடைத்த இலவசக் கல்வி இம்மாணவரைப் பட்டம் வரை கொண்டுவந்து விடுகிறது. அவ்வளவுக்கும் செலவிட்டது இந்நாட்டு மக்கள். பயிற்றப்பட்ட உழைப்பைப் பெற்றுக்கொள்வது வேறொரு நாட்டின் ஆய்வுகூடம். இம்முரண்பாட்டை மாணவரின் தேசப்பற்றின்மையாகச் சித்திரிப்போருடன் எமக்கு உடன்பாடில்லை. இங்கு ஆய்வுப் பதவிகளை உருவாக்காமல் அவர்களைக் குறைகூறுவதிற் பயனில்லை.

எமது கடிதத் திருத்தத்தில் கடைசியாக எதிர்ப்பட்ட தடை இலக்கணத்தைச் சார்ந்தது. சென்ற ஆண்டு பொறியியல் மாணவர் நால்வர் ஒரே இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைப் பற்றித் தனித்தனியே கடிதங்கள் கொண்டுவந்தனர். நான்கிலும் எல்லா வினைகளும் தன்மைப் பன்மையில் இருந்தன: வடிவமைத்தோம், பரிசோதித்தோம், கண்டறிந்தோம். நாம் என எழுதுவது எமக்குப் பழக்கமாதலால் முதலில் அது கண்ணிற் படவில்லை. பின்னர் அவர்களை எமது அறையில் ஒன்றாக இருத்தி, மின்சுற்றை வரைந்தவர் யார், கணினி நிரலை எழுதியவர் யார், உணரி மூன்றாம் முறையும் தவறிய இரவு ஆய்வுகூடத்தில் இருந்தவர் யார் எனக் கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அப்பட்டியலை எழுதி முடிக்க அவர்களுக்கு ஒரு பிற்பகல் தேவைப்பட்டது.