ஈரல் கட்டி: ஓட்டை போட்டா போதுமா, திறக்கணுமா?

போன மாசம் நாகர்கோவில்ல இருந்து மாமா போன் பண்ணினார். ஸ்கேன்ல ஈரல்ல ஒரு கட்டி, 2 சென்டிமீட்டர். "சின்னதுதானே மக்ளே, ஓட்டை போட்டு எடுத்திரலாம்லா?"ன்னு கேட்டார். ஆனா டாக்டர் உடனே சரின்னு சொல்லல. அந்தத் தயக்கம் ஏன்னு தேடினப்போ கிடைச்சதுதான் இந்த எபிசோட்.

லேப்ராஸ்கோப்பியில கட்டி எவ்வளவு பெரிசுங்கிறதைவிட, எங்கே இருக்குங்கிறதுதான் பெரிய கேள்வி. ரத்தக்குழாய்கள் கிளை பிரியுற விதத்தை வெச்சு ஈரலை எட்டுப் பிரிவா பிரிச்சிருக்காங்க. மூணாவது பிரிவு இடப்பக்கம், முன்விளிம்புல இருக்கு. கேமராவும் கருவியும் சுலபமா போய்ச் சேரும். ஏழும் எட்டும் வலப்பக்கம் மேலே, உதரவிதானத்துக்கு அடியில, விலா எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். நீளமான நேர்க் கருவிகளை வெச்சு அங்கே வேலை பார்க்கிறது கஷ்டம். ரத்தம் பீறிட்டா சட்டுன்னு அழுத்திப் பிடிக்க உள்ளே கையும் கிடையாது.

இந்தக் கஷ்டத்தை முன்கூட்டியே எண்ணாச் சொல்ல முடியுமா? 2014ல ஜப்பான்ல டைசுகே பான் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டாங்க. அதை விரிவாக்கினதுதான் 'இவாத்தே' அளவுகோல். கணக்கு இதுதான்:

கட்டி இருக்கிற பிரிவுக்கு 1 முதல் 5 வரை. எவ்வளவு ஈரலை வெட்டணுங்கிறதுக்கு 0 முதல் 4 வரை. கட்டி 3 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா 1. பெரிய ரத்தக்குழாய் பக்கத்துல இருந்தா 1. ஈரலோட செயல்பாடு குறைஞ்சிருந்தா 1. தேவைப்பட்டா கையை உள்ளே விட்டு உதவுற முறையில செஞ்சா 1 குறையும். மொத்தம் 12. மூணு வரைக்கும் எளிது, 4-6 நடுத்தரம், 7-9 கடினம், 10ம் அதுக்கு மேலயும் கைதேர்ந்தவங்களுக்கு மட்டும்.

இப்போ ரெண்டு கட்டி. ரெண்டுமே 2 சென்டிமீட்டர். ஒண்ணு மூணாவது பிரிவோட ஓரத்துல, கொஞ்சமா வெட்டினா போதும்: மொத்தம் 1. இன்னொண்ணு எட்டாவது பிரிவுல. இடத்துக்கு 5, அந்தப் பிரிவையே எடுக்கணுங்கிறதால 3, பெரிய நாளம் ஒட்டி இருக்கிறதால 1. மொத்தம் 9. மாமாவோடது இந்த ரெண்டாவது. ஈரல் செயல்பாடும் மோசமா இருந்திருந்தா 10 ஆகியிருக்கும்.

இந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. உடல் பருமன், முன்னாடி வயித்துல செஞ்ச ஆபரேஷனால உள்ளே ஒட்டிக்கிட்ட இடங்கள், டாக்டரோட அனுபவம் எதுவும் இதுல கிடையாது.

இங்கே எனக்கு நம்ம மாவட்டத்து ஆள் ஒருத்தர் ஞாபகம் வர்றார். நெய்யூர் மருத்துவமனையில இருபது வருஷத்துக்கு மேல அறுவை சிகிச்சை செஞ்ச தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். 1924ல எவரெஸ்ட் ஏறினப்போ, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் போனார். தொண்டைக் கோளாறு தாங்க முடியாம அங்கேயே நின்னுட்டார். உயிரோட இறங்கி, நெய்யூருக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார். ஓட்டை வழியா ஆரம்பிச்சுட்டுப் பாதியில வயித்தைத் திறக்க வேண்டி வந்தாலும் அப்படித்தான். அது தோல்வி இல்ல, பாதுகாப்பு.

அதனால உங்க வீட்ல யாருக்காவது இப்படி வந்தா, "தழும்பு எவ்வளவு பெருசா இருக்கும்?"னு முதல்ல கேட்காதீங்க. எந்தப் பிரிவு, எந்த நாளத்துக்குப் பக்கத்துல, உங்க குழு இதே மாதிரி எத்தனை செஞ்சிருக்கு, எந்தக் கட்டத்துல திறப்பீங்கன்னு கேளுங்க.

மாமாவோட டாக்டர் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிட்டார். முதல்ல மாமாவுக்குக் கோபம்தான். இந்தக் கணக்கைத் தாள்ல எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்போ அவரு தெரியாமச் சொல்லல, தெரிஞ்சுதான் சொல்லியிருக்காரு"ன்னார்.

அடுத்த வாரம் ஆபரேஷன்.