இறங்கிய இமேஜ் யார் கட்டியது?

புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளிகளில் படித்து, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி வாங்கியவர்களில் பலர் அதில் பாஸ் லினக்ஸைப் பார்த்திருப்பார்கள். சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற இயங்குதளத்திலிருந்து உருவாக்கியது அது. உலகெங்கும் சர்வர்களில் ஓடும் கண்டெய்னர்கள் பலவற்றுக்கும் அதே டெபியன்தான் அடித்தளம்.

ஒரு செயலியையும் அது ஓடத் தேவையான கோப்புகளையும் சேர்த்துக் கட்டியதே கண்டெய்னர் இமேஜ். எல்லாவற்றையும் நாமே கட்டுவதில்லை. டெபியன் வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் ஆயத்த இமேஜ் இறங்கிவிடும். அதன்மேல் நம்முடையதை ஏற்றுகிறோம். இறங்கியதில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. எனக்கு இதுதான் கவலை.

இமேஜுக்கு இடும் 'லேட்டஸ்ட்' என்ற பெயர் இன்று ஒன்றையும் நாளை வேறொன்றையும் குறிக்கலாம். ஆகவே பெயரை நம்பாமல் டைஜஸ்ட்டைக் குறிப்பிட வேண்டும். எஸ்.எச்.ஏ-256 முறையில் கணக்கிட்ட 64 எழுத்துக் கைரேகை அது. ஒரு பைட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். டிஜிட்டல் கையொப்பமும் இருந்தால் அனுப்பியவர் யார் என்பது தெரியும். அனுப்பியவரின் கணினியிலேயே கள்ளம் புகுந்திருந்தால் இரண்டும் உதவாது.

அதற்குத்தான் மறுகட்டுமானம். அதே மூலநிரலை அதே கருவிகளால் வேறொரு கணினியில் கட்டி, பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. சொல்ல எளிது. ஆனால் கட்டிய நேரம் கோப்புகளுக்குள் பதிந்துவிடும். கோப்புகளின் வரிசை கணினிக்குக் கணினி மாறும். டெபியன் தன்னார்வலர்கள் 2013 முதல் இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்துவருகிறார்கள்.

மறுகட்டுமானம் மட்டும் போதாது என்று 2024 மார்ச்சில் தெரிந்தது. வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிய மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். மென்பொருளில் கள்ளக்கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை முடுக்கிவிடும் வரிகள் மூலநிரலின் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட மூலப் பொதியில் மட்டும் இருந்தன. அந்தப் பொதியிலிருந்து எத்தனை முறை கட்டினாலும் கள்ளமும் சேர்ந்தே வரும். எனவே எதிலிருந்து கட்டினார்கள் என்பதையும் களஞ்சியம் வரை தேடிப்போக வேண்டும்.

டெபியனின் பழைய பொதிகள் தேதிவாரியாகக் காப்பகத்தில் உள்ளன. இமேஜ் கட்டும் 'டெபூரியோடைப்' கருவியும் எல்லோருக்கும் திறந்தது. சாதாரண மடிக்கணினியிலேயே இமேஜின் தேதிக்குரிய கோப்புத் தொகுப்பைக் கட்டி, இறங்கிய இமேஜோடு ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் 'டிஃபோஸ்கோப்' எந்தக் கோப்பில் என்ன வேறுபாடு என்று பிரித்துக் காட்டும். பல சமயம் அது ஏதோ ஒரு தேதியாகத்தான் இருக்கும். காரணம் பிடிபடவில்லையென்றால் டெபியனுக்கு உடனே எழுதுங்கள்.