நோயை உணர்த்தும் ஒளியும் மின்னும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் முளைப்பதன்று. உயிரணுக்கள் பல ஆண்டுகள் மெல்லத் திரிந்த பின்னரே தோன்றுவது. அத்திரிபைக் காண, அணுக்களைச் சுரண்டியெடுத்து உருப்பெருக்கியில் நோக்குவது பாபனிக்கலாவ் வகுத்த முறை. முடிவு வர வாரங்களாகலாம். அதற்குள் மருத்துவமனைப் பக்கமே திரும்பாத பெண்களும் உளர்.

ஆஸ்திரேலிய மருத்துவர் கோப்பிள்சன் குழுவினர் 1994இல் வேறொரு வழியை விளக்கினர். மெல்லிய கோலொன்றின் நுனி கருப்பை வாயைத் தொட்டு, ஒளியையும் மிகச் சிறிய மின்துடிப்பையும் (அஞ்ச வேண்டா) செலுத்தும். நலமுள்ள திசு ஒளியைச் சிதறடிப்பது ஒருவிதம். திரிந்த திசு வேறுவிதம். மின்துடிப்பு தணியும் போக்கும் அவ்வாறே மாறும். முன்னரே சேர்த்து வைத்த மாதிரிகளோடு கருவி இவற்றை ஒப்பிட்டு, பெண் எழுந்து செல்லுமுன்பே விடை கூறும்.

ஆயினும் கோல் காட்டுவது ஐயம்; துணிபன்று. ஐயமுற்ற இடத்துச் சதைத்துணுக்கை எடுத்து ஆராய்ந்த பின்னரே மருத்துவர் நோயென்று உறுதி செய்வர்.