விதியா, விரோதமா?

ஷேக்ஸ்பியர் மகாகவியின் ‘ரோமியோவும் ஜூலியத்தும்’ என்னும் சோக நாடகத்தைக் கலாசாலைகளில் பயிலும் மாணவர் பலர், அது விதியின் கதை என்று விடையெழுதித் திருப்தியடைகின்றனர். 1597-ல் முதன்முதலாக அச்சேறிய இந்நாடகத்தை அவ்வாறு படிப்பது பாதிப் படிப்பே என்பது நமது அபிப்பிராயம்.

காதலர் இருவரும் மாள்வர் என்பதை, 14 அடிகள் கொண்ட முகவுரைச் செய்யுளிலேயே கவி சொல்லிவிடுகிறார். முடிவு தெரிந்தபின் சுவை ஏது என்பாரைத் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்துப் பார்க்க அழைக்கிறோம். அபிமன்யு மாள்வான் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் ஜனங்கள் விடியுமட்டும் எழுந்திருப்பதில்லை. என்ன நடக்கும் என்ற ஆவல் அடங்கிய பிறகே, ஏன் நடந்தது என்னும் விசாரணை நெஞ்சில் பிறக்கிறது.

அவ்விசாரணைக்குப் பாத்திரங்களே சாட்சிகள். மெர்க்கூஷியோ இரு குடும்பத்தையும் சேராதவன். எனினும் மூன்றாம் அங்கத்தில் அவர்கள் சண்டைக்கு இரையாகிறான். அவனோடு நாடகத்தின் சிரிப்பும் மாள்கிறது. ஜூலியத்துக்கு 14 வயது நிரம்பவில்லை. தந்தை சினக்க, தாய் கைவிட, வளர்த்த செவிலியும் வேறொருவனை மணக்கச் சொல்ல, அச்சிறுமி தனித்து நிற்கிறாள்.

உவமைகளும் சாட்சி சொல்லுகின்றன. தீபத் திருநாளால் புகழ்பெற்ற ஊராருக்கு ஒளியின் பெருமையை நாம் உரைக்க வேண்டுவதில்லை. இந்நாடகத்திலோ காதலருக்கு இருள் நட்பு, பகல் பகை. பகலில் அவர்தம் சுற்றத்தார் வாளேந்தித் திரிவதே காரணம். 1562-ல் வெளிவந்த ஆர்தர் புரூக்கின் காவியத்தில் பல மாதங்கள் நிகழும் கதையை ஷேக்ஸ்பியர் ஐந்து தினங்களுக்குள் அடக்கியதும், நிதானிக்க அவகாசமின்மையை நாம் உணரவே.

கொள்ளைநோய்க் காவலால் ஒரு கடிதம் போய்ச் சேரவில்லை, ரோமியோ மாண்டான். நம் அம்பிகாபதி கதையிலோ, காப்புச் செய்யுளையும் கூட்டி எண்ணிய அமராவதி, நூறு பாடல் முடிந்ததென்று முன்வந்தாள்; அவன் தலை போயிற்று. 1937-ல் எல்லிஸ் டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’ படத்தின் காதற் காட்சியில் ரோமியோ நாடகத்தின் சாயல் படிந்ததில் வியப்பில்லை. கடிதம் தவறியதும் கணக்குப் பிழைத்ததும் தற்செயலே. ஆனால் மணத்தை மறைக்க நேர்ந்தது தற்செயலன்று. நூறு பாடலுக்கு ஓர் உயிரைப் பணயமாக்கியதும் தற்செயலன்று. முன்னது குலப்பகை, பின்னது அரசனின் குலச்செருக்கு.

வயது வந்த இருவர் மணம்புரிய இசைந்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ அவசியமில்லை என்று 2018-ல் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஜாதிப் பெருமைக்காகப் பெற்ற மக்களையே கொல்லும் கொடுமை நம் நாட்டில் நிகழ்ந்தமையாலன்றோ அத்தீர்ப்பு வேண்டியதாயிற்று? இதை விதியென்று எழுதிவிடும் மாணவன், கொன்றவனை விடுதலை செய்தவனாகிறான்.

நாடக முடிவில் தந்தையர் இருவரும் பிணங்களுக்கு முன் கைகோத்து, பொற்சிலை வைப்பதாக வாக்களிக்கின்றனர். நேயர்களே, சிலை யாருக்கு வேண்டும்? மக்கள் உயிரோடிருக்கும்போதே அக்கைகள் கோக்கப்பட வேண்டும்.