கைப்பிடியின் மெருகு

புது வீடு கட்டுகிறவர்கள் வாசற்கதவுக்கு மரம் தேடி நாலு ஊர் அலைகிறார்கள். தேக்கா, வேங்கையா என்று குடும்பமே கூடி விவாதிக்கிறது. கதவு நிலையில் ஏறி, கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தச்சர் வந்து, "ஸார், கைப்பிடியும் தாழ்ப்பாளும் வாங்கி வந்துவிடுங்கள்" என்கிறார். வீட்டுக்காரர் கடைக்கு ஓடிக் கண்ணைப் பறிப்பது எதுவோ அதை வாங்கி வருகிறார். அந்த வீட்டில் நாள்தோறும் எல்லோர் கையும் படப்போகிற சாமான் அது என்று அவருக்கு அப்போது தோன்றுவதில்லை. இரண்டு மழைக்காலம் சென்றதும் முலாம் உரிந்து, சொறி பிடித்தாற்போல் நிற்கும் கைப்பிடிகளை நாம் எத்தனையோ நல்ல கதவுகளில் பார்த்திருக்கிறோம்.

கடையில் மஞ்சளாக மின்னுவதெல்லாம் பித்தளை அல்ல. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மெல்லிய முலாம் பூசியவை அவற்றில் அநேகம். விலை சகாயம், உள் அறைக் கதவுக்கும் அலமாரிக்கும் அது போதும். வெயிலும் சாரலும் படுகிற வாசலில் கதை வேறு. முலாமில் ஊசிமுனையளவு துவாரம் விழுந்தாலும் ஈரம் உள்ளே புகுந்து துத்தநாகத்தை அரிக்கும். மேலே முலாம் கொப்புளித்து எழும்பும். பிறகு எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

ஆகையால் வாங்குமுன் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்புறத்திலும் திருகாணி போகும் துவாரத்தின் உள்ளேயும் மெருகு பெரும்பாலும் சரியாக ஏறியிராது. அங்கே மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். சிறு காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது. அது ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு இருப்பது நிச்சயம். ஆனால் துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே, "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் பித்தளை!" என்று கடைக்காரர் சாதித்தால் நேயர்கள் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம்.

செம்பும் துத்தநாகமும் கலந்த கெட்டிப் பித்தளை காற்றுப் பட்டுக் கருக்கும் என்பது வாஸ்தவமே. ஆனால் அந்தக் கறுப்பு மேலோடு நிற்பது. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும் என்ற ரசாயனத்தைப் படிக்காமலேயே நம் பாட்டிமார் புளி போட்டு விளக்கினார்கள். ஐம்பது வருஷம் கழித்து விளக்கினாலும் அடியிலிருந்து புதுப் பித்தளை வரும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் கதவுகளில் இதை இன்றும் காணலாம். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் அத்தகைய குமிழ்களையும் தாழ்ப்பாள்களையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, முலாம் பூசியவற்றை வாங்கி மாட்டுவது நமக்கு மிகுந்த வருத்தத்தை அளிக்கிறது. இன்னொரு விசேஷமும் உண்டு. பூச்சு இல்லாத செம்புக் கலவைகள் கிருமிகளைக் கொல்ல வல்லவை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 2008-ல் பதிவு செய்தது. பலர் கை படுகிற சாமானுக்கு இது சாமானியமான குணமா?

புதுப் பித்தளையில் பெரும்பாலும் நிறமற்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதன்மேல் புளியும் பொடியும் போட்டுத் தேய்த்தால் வார்னிஷ் திட்டுத் திட்டாய்ப் போகும். அது உள்ளவரை ஈரத் துணியே போதும். உரியத் தொடங்கினால் முழுவதும் நீக்கிவிட்டு விளக்கத் தொடங்கலாம்.

விளக்கப் பொழுதில்லாதவர்களுக்குப் 'பி.வி.டி.' என்னும் பூச்சு இருக்கிறது. காற்றை அகற்றிய அறைக்குள் டைட்டானியம், ஸிர்க்கோனியம் போன்ற உலோகத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேர்த்துப் படியவைக்கிறார்கள். பொன்னிறம் வருகிறது, எளிதில் கீறலும் விழாது. ஆயினும் அந்தப் படலம் மிக மெல்லியது. அடியிலுள்ள உலோகம் நல்லதாக இருந்தால்தான் அதற்கு ஆயுள்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பித்தளை சீக்கிரம் கருக்கும் என்பதால் பலர் எவர்சில்வரை நாடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர் கடற்கரையில் வீடு கட்டியவராக இருக்க முடியாது! சாதாரணமாகக் கிடைக்கும் 304-ஆம் ரகத்தில் ஏறக்குறைய 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் உண்டு. உப்புக் காற்று அதிலும் தேநீர்க் கறைபோல் பழுப்பு உண்டாக்கும். 316-ஆம் ரகத்தில் 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம் சேர்வதால் அது உப்பை நன்றாகத் தாங்கும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

புது வீட்டுத் தரையில் சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்களே, அந்தப் புகை ஒரே நாளில் பித்தளையையும் எவர்சில்வரையும் பாழாக்கிவிடும். தரை கழுவி முடிந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகே கைப்பிடிகளை மாட்டச் சொல்ல வேண்டும். பித்தளைக் கைப்பிடிக்கு இரும்புத் திருகாணி போட்டால் ஈரத்தில் இரும்பு விரைவில் துருப்பிடித்துக் கைப்பிடி ஆடத் தொடங்கும். பித்தளைத் திருகாணியோ மிருதுவானது. தேக்கில் நேரே முடுக்கினால் தலை முறிந்துபோகும். கைதேர்ந்த தச்சர்கள் முதலில் துளையிட்டு, அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை ஒரு தடவை ஏற்றி இறக்கி வழி உண்டாக்கிக்கொண்டு, அப்புறம் பித்தளையை முடுக்குவார்கள்.