'கஷ்டமானது' என்று பெயர் பெற்ற மொழி: புவேர்ட்டோ ரிக்கோவில் ஆங்கிலம்

புவேர்ட்டோ ரிக்கோவில் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. 'எல் திஃபீசில்' என்பார்கள். 'கஷ்டமானது' என்பது அதன் பொருள். "உனக்குக் கஷ்டமானது வருமா?" என்று ஒருவர் கேட்டால், "இங்கிலிஷ் தெரியுமா?" என்று கேட்கிறார் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். பகிடிக்குச் சொல்வதுதான். ஆனால் இந்தப் பகிடிக்குப் பின்னால் நூறு வருடங்களைத் தாண்டிய ஒரு வரலாறு உண்டு.

கரீபியன் கடலிலுள்ள இந்தத் தீவு 1898 முதல் ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சியில் இருந்து வருகிறது. 1917 முதல் இங்குள்ள மக்கள் அமெரிக்கப் பிரசைகள். கையில் இருப்பது அமெரிக்கக் கடவுச்சீட்டு, புழங்குவது அமெரிக்க டொலர். அரச பாடசாலைகளில் முதலாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் கட்டாய பாடம். இவ்வளவு இருந்தும், சனத்தொகைக் கணக்கெடுப்புகளின்படி ஏறத்தாழ 95 சதவீதமானோர் வீட்டில் பேசுவது ஸ்பானிய மொழிதான். ஆங்கிலம் 'மிக நன்றாக' வரும் என்று சொல்வோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மட்டுமே.

ஏன் இப்படி? "படிப்பித்தது காணாது" என்று சிலர் சொல்வார்கள். "படிக்க விருப்பமில்லை" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தத் தீவின் கதையைக் கூர்ந்து பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. ஒரு மொழியைப் படிப்பது வேறு. ஒரு மொழியில் படிப்பது வேறு. இந்த வேறுபாட்டை ஆட்சியாளர்கள் அரை நூற்றாண்டு காலமாக உணரவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்.

வகுப்பறைக்குள் வந்த ஆட்சி

1898 ஜூலை 25ஆம் திகதி அமெரிக்கப் படைகள் தீவின் தென்கரையிலுள்ள குவானிகாவில் இறங்கின. மறுவருடம் எடுத்த கணக்கின்படி தீவின் சனத்தொகை 9 இலட்சத்து 53 ஆயிரம். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நானூறு வருட ஸ்பானிய ஆட்சி மொழியைக் கொடுத்ததே தவிர, எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தைக் கொடுக்கவில்லை. புதிய ஆட்சி பாடசாலைகளைக் கட்டியது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பாடசாலைகள் எந்த மொழியில் நடப்பது என்பதைத் தீர்மானித்தவர் வாஷிங்டனிலிருந்து நியமிக்கப்பட்ட கல்வி ஆணையாளர். தீவின் பெயரைக்கூட அவர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி 'போர்ட்டோ ரிக்கோ' என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். சரியான பெயர் திரும்பி வந்தது 1932இல்தான்.

1902இல் ஆங்கிலமும் ஸ்பானியமும் அரச கருமங்களுக்கான மொழிகளாயின. பாடசாலைகளிலோ ஆணையாளருக்கு ஆணையாளர் கொள்கை மாறியது. முதலில் கீழ் வகுப்புகளுக்கு ஸ்பானியம், மேல் வகுப்புகளுக்கு ஆங்கிலம் என்றார்கள். ரோலண்ட் ஃபோக்னர் ஆணையாளராக இருந்த காலத்தில், 1905 அளவிலிருந்து, முதலாம் வகுப்பு முதலே எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் என்றாயிற்று. 1916இல் முதல் நான்கு வகுப்புகள் ஸ்பானியத்துக்குத் திரும்பின. 1934இல் ஹோசே பாதீன் எட்டாம் வகுப்பு வரை ஸ்பானியத்தை விரித்தார். 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புதிய ஆணையாளரை நியமித்தபோது, ஆங்கிலத்தை வலுப்படுத்த வேண்டும் என்று கடிதம் எழுதினார். மறுபடியும் குழப்பம். ஒரே குடும்பத்தில் மூத்த பிள்ளை ஒரு மொழியிலும் இளைய பிள்ளை இன்னொரு மொழியிலும் கணக்குப் படிக்கக்கூடிய நிலை அது.

ஆசிரியரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவரே ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்றவர். அந்த மொழியில்தான் பிரித்தல் கணக்கையும் புவியியலையும் விளக்க வேண்டும். பிள்ளைக்கு விளங்காதது கணக்கா, மொழியா என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிள்ளைகளில் பெரும் பகுதியினரோ மூன்று நான்கு வருடங்களுக்கு மேல் பாடசாலைக்குப் போகவும் இல்லை. அந்தச் சொற்ப காலமும் விளங்காத சொற்களை ஒப்புவிப்பதில் கழிந்தது. கடைசியில் சொந்த மொழியில் சரியாக வாசிக்கவும் வரவில்லை, ஆங்கிலத்தில் பேசவும் வரவில்லை. இருபதுகளின் நடுப்பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி தீவின் கல்வியை ஆராய்ந்தபோது, கீழ் வகுப்புகளில் ஸ்பானியமே இருக்க வேண்டும் என்ற பக்கமே நின்றது.

ஒரு சேவலின் சாட்சி

இந்தக் காலத்தை வரலாற்று நூல்களைவிட ஒரு சிறுகதை நன்றாகக் காட்டுகிறது. ஆபெலார்தோ தியாஸ் அல்ஃபாரோ 1947இல் வெளியிட்ட 'தெராசோ' தொகுப்பில் பேயோ மெர்சே என்ற மலைநாட்டு ஆசிரியர் வருகிறார். ஆங்கிலம் படிப்பிக்கும்படி மேலதிகாரியிடமிருந்து அவருக்குக் கட்டளை வருகிறது. அவருக்கே ஆங்கிலம் சரிவர வராது. பாடப்புத்தகத்தில் ஒரு சேவலின் படம் கிடைக்கிறது. சேவல் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றாயிற்றே என்று அதைக் கொண்டு ஆரம்பிக்கிறார். ஆங்கிலச் சேவல் எப்படிக் கூவும் என்று புத்தகத்தில் உள்ளபடி சொல்லிக் காட்டுகிறார். உடனே ஒரு பையன் மறுக்கிறான். அது வேறு சாதிச் சேவலாக இருக்கலாம், தன் வீட்டுச் சேவல் அப்படிக் கூவுவதில்லை என்பது அவன் வாதம். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

வாசிக்கும்போது நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பையன் சொன்னது முட்டாள்தனமல்ல. தன் காதால் கேட்ட உண்மைக்கும் புத்தகத்தின் சொல்லுக்கும் இடையில் அவன் தன் காதை நம்பினான். கல்வி செய்ய வேண்டியது அந்தக் காதை மதித்து, அதிலிருந்து புதிய சொல்லுக்கு ஒரு பாலம் போடுவது. அங்கே பாலம் இல்லை, கட்டளை மட்டும்தான் இருந்தது.

1946இல் தீவின் சட்டமன்றம் ஸ்பானியத்தைப் போதனா மொழியாக்கும் சட்டமூலத்தை நிறைவேற்றியது. ஜனாதிபதி ட்ரூமன் அதற்கு இணங்கவில்லை. பின்னர் தீவு மக்களே தங்கள் ஆளுநரைத் தெரிவுசெய்யும் உரிமை வந்தது. அப்படித் தெரிவான முதல் ஆளுநர் லூயிஸ் முஞோஸ் மரீன். அவருடைய கல்வி ஆணையாளர் மரியானோ வில்யாரோங்கா 1949இல் ஸ்பானியத்தைப் போதனா மொழியாக்கினார். ஆங்கிலம் ஒரு பாடமாக எல்லா வகுப்புகளிலும் தொடர்ந்தது. இன்றுவரை ஏற்பாடு அதுதான்.

கட்டளை போனாலும் வடு போகவில்லை

அப்படியானால் 1949க்குப் பிறகு எல்லாம் சரியாகியிருக்க வேண்டுமே? இல்லை. அரை நூற்றாண்டு வற்புறுத்தல் ஆங்கிலத்தின் மேல் ஓர் அரசியல் நிறத்தைப் பூசிவிட்டுப் போயிருந்தது. அமெரிக்காவின் மாநிலமாக இணைய விரும்புவோர் ஆங்கிலத்தின் பக்கம், தனித்துவத்தைக் காக்க விரும்புவோர் ஸ்பானியத்தின் பக்கம் என்று ஒரு கோடு விழுந்தது. 1991இல் ஆளுநர் ரஃபாயேல் எர்னாண்டெஸ் கொலோன் ஸ்பானியத்தை ஒரே அரச கரும மொழியாக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதற்காக ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது அந்த வருடம் புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கே வழங்கப்பட்டது. 1993இல் ஆளுநர் பேத்ரோ ரோசெய்யோ வந்ததும் முதல் வேலையாக ஆங்கிலத்தை மீண்டும் சேர்த்தார். ஒரு மொழி கட்சிக்கொடியானால் அதைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் கூடுவது இயல்பு.

இன்னொரு சிக்கல் வர்க்கம். வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு முதலிடம் கொடுக்கும் தனியார் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். அரச பாடசாலைப் பிள்ளைக்கு ஆங்கிலம் இலக்கணப் பயிற்சியாகவும் பரீட்சைத் தாளாகவும் வருகிறது. வகுப்பை விட்டு வெளியே வந்தால் அதைப் பேச ஆளில்லை. வீதியில் நிறுத்தற் பலகைகூட 'பாரே' என்று ஸ்பானியத்தில்தான் நிற்கிறது.

இதனால் வரும் இழப்பு சிறியதல்ல. தீவின் சொந்த நீதிமன்றங்களின் மொழி ஸ்பானியமே என்று அதன் உயர் நீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. ஆனால் சான் ஹுவானிலுள்ள அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆங்கிலம் தெரியாதவர் அங்கே ஜூரியாக அமர முடியாது. ஆகவே அங்கு நிறுத்தப்படும் ஒருவரின் குற்றத்தைத் தீர்மானிக்கும் ஜூரியில், அவருடைய அயலவர்களில் பெரும்பாலானோருக்கு இடமில்லை. 2017இல் மரியா சூறாவளி தீவைச் சிதைத்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. நிவாரணத்துக்கு வந்த மத்திய அரச அமைப்பில் ஸ்பானியம் பேசத் தெரிந்த ஊழியர்கள் போதவில்லை. இந்த இடத்தில் மொழி தெரியாமல் நின்றது தீவு மக்கள் அல்ல, அரசு.

அப்படியானால் யார் கற்கிறார்கள்?

நாற்பதுகளுக்குப் பிறகு இலட்சக்கணக்கான புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் வேலை தேடி நியூயோர்க் போனார்கள். தீவின் வகுப்பறை தராத ஆங்கிலத்தை அங்கே தொழிற்சாலையும் தெருவும் தந்தன. எழுத்தாளர் எஸ்மெரால்டா சாந்தியாகோ தன் தாயோடு 1961இல் புரூக்லின் வந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று. ஆங்கிலம் தெரியாது என்பதற்காகத் தன்னைக் கீழ் வகுப்பில் போடப் பார்த்த அதிபரிடம், தனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்திலேயே அவர் வாதாடினார். மேல் வகுப்பு கிடைத்தது. பிறகு பொது நூலகத்தில் சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகங்களை எடுத்து வந்து, படத்தையும் சொல்லையும் பொருத்திப் பார்த்துப் படித்தார். பின்னாளில் ஹாவர்ட் வரை போனார். தன் வாழ்க்கைக் கதையை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அதைத் தானே ஸ்பானியத்தில் மறுபடி எழுதினார்.

அவர் படித்ததும் பேயோ மெர்சேயின் மாணவர்கள் படித்ததும் படப் புத்தகம்தான். ஒருவருக்கு அது தேவையாக வந்தது, அவர்களுக்குக் கட்டளையாக வந்தது. அத்தோடு, சாந்தியாகோ புரூக்லின் வரும்போது சொந்த மொழியில் நன்றாக வாசிக்கக் கற்றிருந்தார். வாசிக்கத் தெரிந்த பிள்ளை இரண்டாவது மொழியில் வாசிப்பைப் புதிதாகத் தொடங்குவதில்லை, தெரிந்ததை இடம் மாற்றுகிறது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அவரைப்போல் மீளவில்லை. விளங்காத வகுப்பில் பேசாமல் இருந்துவிட்டுப் பாடசாலையை விட்டவர்கள் பலர். அவர்களுக்காக அந்தோனியா பாந்தோஹா 1961இல் 'அஸ்பீரா' அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு நியூயோர்க் கல்விச் சபைக்கு எதிராக வழக்காடி, 1974இல் நீதிமன்ற உடன்படிக்கை ஒன்றைப் பெற்றது. ஆங்கிலம் தேறாத ஸ்பானியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைச் சிறப்பாகக் கற்பிப்பது, அதுவரை மற்றப் பாடங்களை அவர்களின் மொழியில் நடத்துவது என்பதே அதன் சாரம். ஆங்கிலம் வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆங்கிலம் வரும்வரை கணக்கையும் விஞ்ஞானத்தையும் இழக்க முடியாது என்றுதான் கேட்டார்கள்.

மொழி எப்படி ஒட்டுகிறது?

வற்புறுத்தல் இல்லாத இடத்தில் மொழிகள் தாமாகவே கலக்கின்றன. தீவின் இளைஞர்கள் நண்பர்களோடு சுற்றுவதை 'ஹங்கெயார்' என்கிறார்கள், வாகனத்தை நிறுத்துவதை 'பார்க்கெயார்' என்கிறார்கள். இரண்டும் ஆங்கில வேர், ஸ்பானிய வால். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும், விரிவுரை ஸ்பானியத்தில் நடக்கும், மாணவரின் குறிப்புக் கொப்பியில் இரண்டும் கலந்திருக்கும். யாருக்கும் அது உறுத்துவதில்லை.

இது ஸ்பானியத்துக்குப் புதிதுமல்ல. நம் வாசகர்களுக்குச் சில சொற்கள் உடனே பிடிபடும். நகர முதல்வரை அந்த மொழியில் 'அல்கால்தே' என்பார்கள், அது அரபியின் 'அல்-காழி'. 'அப்படி நடக்கட்டும்' என்று ஆசைப்படும்போது சொல்லும் 'ஒஹலா', அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறிக்கும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. அந்தலூஸில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்ததில் ஒட்டிய சொற்கள் இவை. பலஸ்தீனத்திலிருந்து புவேர்ட்டோ ரிக்கோ வந்து கடை போட்ட முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ரியோ பியேத்ராசிலும் வேகா அல்தாவிலும் அவர்களின் பள்ளிவாசல்கள் உண்டு. வாடிக்கையாளரோடு அவர்கள் பேசுவது ஸ்பானியம். யாரும் அவர்களுக்குச் சட்டம் போட்டுப் படிப்பிக்கவில்லை, சந்தை படிப்பித்தது.

ஆங்கிலம் தேவையில்லை என்று இக்கட்டுரை சொல்லவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பிள்ளைக்கு அது மிகவும் தேவை. அது இல்லாததால் பூட்டிக் கிடக்கும் கதவுகளை மேலே பார்த்தோம். அந்தத் தீவின் அனுபவம் சொல்வது மூன்று விடயங்கள். பிள்ளை முதலில் தன் மொழியில் வாசிக்கவும் யோசிக்கவும் பழக வேண்டும். ஆங்கிலத்தைப் படிப்பிப்பவருக்கு ஆங்கிலம் பேச வர வேண்டும். சுற்றறிக்கை அனுப்பி அந்தக் குறையை நிரப்ப முடியாது. பிழை விட்டுப் பேசுகிற பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

மூன்றாவது நம் வீட்டுக்குள்ளும் வர வேண்டிய பேச்சு. "எங்கட பிள்ளை இங்கிலிஷ் மீடியம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பிள்ளை படித்த பாடத்தைத் தன் உம்மாவுக்கு வீட்டு மொழியில் விளங்கப்படுத்த முடிகிறதா என்று கேட்டுப் பார்க்கிறோமா? ஆங்கில வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் இதுபற்றித் தங்கள் அனுபவத்தை இந்தப் பக்கங்களில் எழுதினால் பலருக்கும் பயனாக இருக்கும்.