வெற்றுக் கடவுச்சொல்லுக்குக் கிடைத்த வரவேற்பு

பெரிய காரியாலயம் ஒன்றில் காலையில் வந்து அமர்ந்து, தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டியவுடன் கணிப்பொறியின் திரை திறந்து வழிவிடக் காணும் ஊழியர், அந்தக் கணப்பொழுதுக்குள் தம்மைப் பற்றி எங்கோ ஒரு பெயரேட்டில் விசாரணை நடந்து முடிந்துவிட்டதை அறியமாட்டார். மின்னஞ்சலுக்கு ஓரிடம், சம்பளப் பட்டியலுக்கு ஓரிடம், விடுப்பு விண்ணப்பத்துக்கு மற்றோரிடம் என்று ஒருவருடைய விவரங்களைச் சிதறவிடாமல், அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதி வைத்து, வேண்டிய நிரல்களெல்லாம் அங்கே சென்று கேட்டுக்கொள்ளச் செய்வதே 'டைரக்டரி' என்னும் ஏற்பாட்டின் தாத்பரியம். டெலிபோன் டைரக்டரிக்கும் இதற்கும் உள்ள உறவு பெயரளவில் நிற்பதன்று. தொலைபேசித் துறையினரே இதற்கும் மூலபுருஷர்கள்.

1988-ஆம் ஆண்டில், தந்தி தொலைபேசித் துறைக்கான சர்வதேச ஆலோசனைக் குழுவும் சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனமும் கூடி, உலகம் முழுவதற்கும் ஒரே பெயரேடு என்னும் மனோரதத்துடன் 'எக்ஸ்.500' என்ற விதித்தொகுதியை வகுத்தன. அந்த ரதத்தை இழுப்பதற்கு வேண்டியிருந்த ஏழடுக்குத் தகவல்தொடர்பு முறையின் பாரத்தைத் தாங்கும் சக்தி அக்காலத்து மேசைக் கணிப்பொறிகளுக்கு இருக்கவில்லை. ஆகவே, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டிம் ஹவுஸ் வேறு இருவருடன் சேர்ந்து, அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இலேசானது என்னும் அடைமொழியைப் பெயரிலேயே தாங்கிய 'எல்டாப்' என்ற சம்பாஷணை முறையை 1993-இல் வெளியிட்டார். இன்று எக்ஸ்.500-ஐ நினைப்பவர் சிலர். எல்டாப் இல்லாத பெரிய காரியாலயமோ அரிது.

1995 ஆகஸ்டில் ஹவுஸும் அவருடைய சகாவான ஸ்மித்தும் வெளியிட்ட மற்றொரு சாசனமே நம் விஷயத்துக்கு நெருங்கியது. சி மொழியில் நிரல் எழுதுவோர் இந்தப் பெயரேட்டை எவ்வெக் கட்டளைகளால் அணுகலாம் என்பதை அது வரையறுத்தது. இவ்வாறு முன்பே எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளின் தொகுப்பைத்தான் நிரலாளர்கள் 'லைப்ரரி' என்கிறார்கள்; புத்தகம் இரவல் வாங்கும் இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேள்வியைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் அதை முறைப்படி விண்ணப்பமாக எழுதி, உரிய இடத்தில் சேர்த்து, வந்த பதிலைப் பிரித்துப் படித்துச் சொல்லும் குமாஸ்தா என்று அதைக் கருதலாம். கம்பியில் செல்லும் ஒவ்வொரு செய்தியும் 48 என்னும் எண்ணில் தொடங்க வேண்டும், அதன்பின் நீளத்தைக் குறிக்க வேண்டும், அதன்பின்னரே உள்ளடக்கம் வரலாம் என்ற நுணுக்கங்களையெல்லாம் நிரலாளர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பதில் சொல்லும் கணிப்பொறிக்கு 'சர்வர்' என்று பெயர் வாய்த்தது நமக்கு ஒரு சௌகரியம். நம்மூர் ஓட்டல் சர்வரிடம் நெய்ரோஸ்டும் காபியும் சொன்னால், சொன்ன வரிசையிலேயே அவை மேசைக்கு வந்து சேரும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. எல்டாப் சர்வரும் அப்படியே; ஆதலால் லைப்ரரி ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண்ணிட்டு அனுப்பி, திரும்பி வரும் பதிலில் அதே எண்ணைப் பார்த்து, இது இன்ன கேள்விக்கு உரியது என்று பிரித்துக் கொடுக்கிறது. தேடப்படும் நபரின் முகவரியோ கடித உறையின்மேல் எழுதுவதைப் போன்றது: முதலில் ஆளின் பெயர், அடுத்து அவர் பகுதி, இறுதியில் ஸ்தாபனம். 1997-இல் வந்த எல்டாபின் மூன்றாம் பதிப்பு யூனிகோடு எழுத்துகளை ஏற்றுக்கொண்டபின், அந்தப் பெயரைத் தமிழிலேயே எழுதி வைப்பதற்கும் தடையில்லை. தடையில்லாத காரியங்களையும் நாம் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

குமாஸ்தா எவ்வளவு கெட்டிக்காரராயினும், அவர் கொண்டுவரும் பதிலைக் கடைசி வரி வரையில் படிப்பது எஜமானரின் பொறுப்பு. ஓப்பன் எல்டாப் என்னும் பெயருடைய சர்வர் நிரல் சாதாரணமாக ஒரு தேடலுக்கு 500 பெயர்களுக்குமேல் தருவதில்லை. அவ்வளவில் நிறுத்திக்கொண்டு, 'அளவு மீறிற்று' என்பதற்கு அடையாளமாக 4 என்ற எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்த எண்ணைப் பாராத நிரல், ஸ்தாபனத்தில் சரியாக 500 பேர்தான் இருக்கிறார்கள் என்று அறிக்கை தயாரித்துவிடும்.

இதைக் காட்டிலும் விபரீதமான ஒன்று உண்டு. பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சடங்குக்கு 'பைண்டு' என்று பெயர். இரண்டையும் கொடாமல் வருபவரை அநாமதேயர் என்று கொண்டு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய பகுதியை மட்டும் காட்டுவது பெயரேட்டின் சம்பிரதாயம். பெயரை மட்டும் கொடுத்துக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால் என்ன ஆகும்? விதியின்படி அவரும் அநாமதேயரே. கொடுத்த பெயர் பதிவேட்டில் குறித்துக்கொள்வதற்கு மட்டும் பயன்படும். ஆயினும், அநாமதேயராக ஏற்றுக்கொண்டதுவும் ஏற்றுக்கொண்டதே ஆகையால், சர்வர் அனுப்பும் விடை பூஜ்யம். எல்டாப் பரிபாஷையில் பூஜ்யம் என்றால் வெற்றி. 'பூஜ்யம் வந்தால் கதவைத் திற' என்று மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கிய நிரலாளரின் கதவை, நிர்வாக இயக்குநரின் பெயரைத் தட்டிக் கடவுச்சொல் கட்டத்தைத் தொடாமல் விட்ட எவரும் திறந்துகொண்டு உள்ளே செல்லலாம். சர்வர் பொய் சொல்லவில்லை, லைப்ரரியும் பொய் சொல்லவில்லை, 'யாராக ஏற்றுக்கொண்டாய்?' என்று கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். குற்றம் முழுவதையும் நிரலாளர்மேல் சுமத்துவதும் என் அபிப்பிராயத்தில் நியாயமன்று. அரைகுறை விண்ணப்பத்துக்கு 'வெற்றி' என்று முத்திரையிட்ட விதியே கோணலானது.

2006-இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிகள் இந்தக் கோணலைப் பெரும்பாலும் நிமிர்த்தின. வெற்றுக் கடவுச்சொல்லை நிரலே வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்றும், அதையும் தாண்டி வந்தால் சர்வர், 'செய்ய மனமில்லை' என்று பொருள்படும் 53-ஆம் எண்ணைத் தருவதே வழக்கமாயிருக்க வேண்டும் என்றும் அவை கூறின. கட்டாயம் என்று சொல்லாமல் பரிந்துரை என்று நிறுத்திக்கொண்டமையால், பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் ஜீவித்திருக்கிறது. உங்கள் காரியாலயத்தில் நிரல்களைக் கவனிக்கும் அன்பர் யாரேனும் இருந்தால், கடவுச்சொல் கட்டத்தை ஒருமுறை வெறுமையாக விட்டுப் பொத்தானை அழுத்திப் பார்க்கும்படி அவரை இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.